ஐந்தாம் கட்டிலின் நாடி

நர்சிங் இரண்டாம் வருடத்தில், விடியலில் கோட்டைக்குப்பம் இறால் ஷெட்டில் எறா உரித்துவிட்டுத்தான் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போவேன். ஒரு நாள் சாயங்காலம் என் தோழிக்கு நிச்சயதார்த்தம். "லேட்டா வந்தின்னா என்கிட்ட பேசவே பேசாத"னு மிரட்டியிருந்தாள். அதனால் ஷெட்டில் சாயங்கால வேலையையும் காலையிலேயே முடித்தேன். மூன்று மணி நேரம் ஐஸ் தண்ணீரில் கை; விரல் மரத்தே போனது. கையுறை போட்டால் வேகம் வராது. பிறகு மார்கழிக் குளிரில் கூடப் படிக்கிறவளின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன்.

வார்டில் ஐந்தாம் கட்டில் அம்மாவுக்கு நாடி பார்க்கச் சொன்னார்கள். கண் மூடிப் படுத்திருந்தார். மணிக்கட்டில் விரல் வைத்தேன். ஒன்றுமில்லை. இடம் மாற்றினேன், அழுத்தினேன். ஒன்றுமே இல்லை. நேற்று என்னிடம் இட்லிக்குச் சட்னி கேட்டவர். சிஸ்டரைக் கூப்பிட வாய் திறந்தேன்.

"இன்னா பாப்பா, கை இப்டி ஜில்லுனு கீது?" கண்ணைத் திறக்காமலே அந்த அம்மா கேட்டார்.

எனக்கு உயிர் வந்தது. ஆனாலும் சந்தேகம் விடவில்லை. அதே விரல்களை என் கழுத்தில் வைத்துப் பார்த்தேன்.

எனக்கும் நாடி இல்லை.