திட்டு வாங்கியவர் அங்கேயே இருந்தார்

விருத்தாசலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். காலை ஏழரைக்கு ஊசியும் குப்பிகளுமாக ஆரம்பித்துவிடும். அதற்கு முன் கிடைக்கும் ஒரு மணி நேரம் மொட்டை மாடிச் செடிகளுக்கு. எங்கள் ஊர் செராமிக் கம்பெனிகளில் சூளையில் விரிசல் விட்டுக் கழித்துப்போடும் ஊறுகாய் ஜாடிகளில்தான் வளர்க்கிறேன். அடியில் துளை போட வேண்டியதில்லை. விரிசலே தண்ணீரை வடித்துவிடும்.

ஒருநாள் அவற்றைப் படம் எடுத்து, உலகமே இருக்கும் அந்தப் பெரிய சமூக வலைத்தளத்தில், மாடித் தோட்டக் குழு ஒன்றில் போட்டேன். முதல் ஆளாக ஒரு பெண் எழுதினார்.

"அக்கா, இது நம்ம பக்கத்து ஜாடிதானே? நான் மங்கலம்பேட்டைங்க. எனக்கு ஒண்ணு கெடைக்குமா?"

அப்படித்தான் பழக்கம். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். கணவர் வளைகுடாவில். மாடியில் புதினா, மல்லிகை, இரண்டு கத்தரி. ஜாடியை உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே உள்ள வளையல் கடையில் இறக்கினால் போதும், அதற்கு மேல்தான் வீடு என்று சொல்லியிருந்தார். மறுநாள் அதே வழியில் ஈரத்துணி சுற்றிய மல்லிகைப் பதியன் வந்தது. மூன்று வருடம் இப்படிப் போனது. நேரில் பார்த்ததில்லை. இருபது கிலோமீட்டர்கூட இல்லை. "வூட்டுக்கு வாங்கக்கா" என்று அவர் எழுதுவார், "அடுத்த வாரம் வரேன்" என்று நான் எழுதுவேன். போன் நம்பரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. தினமும் அங்கேதானே இருக்கிறோம் என்ற நினைப்பு.

குழு பெருத்தது. உரம் விற்கிறவர்கள் வந்தார்கள், அப்புறம் யார் யாரோ வந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அவர் போட்ட புதினாப் படத்தின் கீழே ஒருவன், செடியை விட்டுவிட்டு, அவர் பெயரையும் மதத்தையும் பிடித்துக்கொண்டான். அவனோடு இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். தளத்தில் புகார் கொடுத்தேன். விதி எதுவும் மீறப்படவில்லை என்று அரை நிமிடத்தில் பதில் வந்தது. குழுவை நடத்தியவரோ, "இதெல்லாம் கண்டுக்காதீங்க மேடம்" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் குழுவிலிருந்த புதுச்சேரிக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் எங்களில் சிலருக்குத் தனியாக எழுதினார். தன் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஒரு சின்னத் தளம் நடத்துவதாகச் சொன்னார்.

"இதுக்கு ஒரே மொதலாளின்னு யாரும் கெடையாதுங்க. அவங்கவங்க தனித்தனியா சின்னச் சின்னதா நடத்துறாங்க. எதுல சேந்தாலும் மத்ததுல இருக்கறவங்களோட பேசிக்கலாம். தப்பாப் பேசுனா அந்தத் தளத்த நடத்துறவரே வெளிய அனுப்பிடுவாரு. விளம்பரம் இருக்காது."

நான் உடனே சரி என்றேன். மங்கலம்பேட்டைப் பெண்ணிடமும் சொன்னேன். அவர் எழுதினார்:

"நீங்க போங்கக்கா. அங்க எங்க வூட்டுக்காரரு இல்லீங்களே. இந்த மாடிய நான் படம் புடிக்கறதே அவரு பாக்கத்தான். ராத்திரி டூட்டி முடிஞ்சி வந்து ஒவ்வொண்ணா பாப்பாரு. மாமியா, நாத்தனாரு எல்லாரும் இங்கதான் இருக்காங்க. நாலு பேரு திட்டுனதுக்கு எல்லாரையும் எப்படி வுட்டுட்டு வருவேன்?"

திட்டு வாங்கியது அவர். கோபித்துக்கொண்டு வெளியே வந்தது நான். அன்று இது எனக்கு உறைக்கவில்லை. வாரம் ஒருமுறை எட்டிப்பார்க்கிறேன் என்று எழுதிவிட்டு வந்தேன்.

புதிய இடத்தில் மொத்தம் நூற்றுச் சொச்சம் பேர். வரிசையாக, எழுதிய நேரப்படி எல்லாம் தெரியும். படித்து முடித்தால் முடிந்துவிடும். முதல் மாதம் கை சும்மா இருக்கவில்லை. போனைத் திறந்து திறந்து பார்ப்பேன். ஒரு தடவை ஒரு பகல் முழுக்கத் தளமே வரவில்லை. சாயங்காலம் ஆசிரியர் எழுதினார்: "எங்க தெருவுல டிரான்ஸ்பார்மர் போயிடுச்சுங்க, மன்னிச்சிக்குங்க." சிரித்தேன். நடத்துகிற ஆளுக்கு ஒரு தெரு இருப்பது பிடித்திருந்தது. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒருவர் முருங்கைக்குக் கம்பளிப்பூச்சி மருந்து சொன்னார். எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். ஆனால் படம் போட்டவுடன், அதைப் பார்த்து அந்தப் பெண் என்ன சொல்வார் என்றுதான் மனசு போகும். அடியுரம் போதாது என்பார். இலையைத் திருப்பிக் காட்டுங்கள் என்பார். இங்கே யாரும் இலையைத் திருப்பிக் காட்டச் சொல்லவில்லை.

எட்டிப்பார்ப்பது வாரம் ஒருமுறை என்பது மாதம் ஒருமுறை ஆனது. பிறகு மறந்தேன். ஐந்தாறு மாதம் கழித்து உள்ளே போனபோது அவர் இல்லை. எங்கள் பழைய பேச்சில் என் வரிகள் மட்டும் இருந்தன. அவர் பெயர் இருந்த இடத்தில் முகமில்லாத சாம்பல் நிறத் தலை ஒன்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். வளையல் கடையைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. கடையில் என் வயதுப் பெண்மணி உட்கார்ந்திருந்தார். மாடி வீட்டில் இருந்தவரைப் பார்க்க வந்தேன் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"விருத்தாசலத்துலேருந்து ஜாடி அனுப்புவாங்களே, அது நீங்கதானா?"

ஆமாம் என்றேன்.

"அது போயி ரெண்டு மாசம் ஆவுதுங்க. புருசன் அங்கேயே கூப்புட்டுக்கிட்டாரு. ஏழாவது மாடியாம். 'மண்ணு எங்கேருந்து கொண்டாருவேன்'னு சொல்லிட்டுப் போச்சு. பழைய நம்பரு வேல செய்யல. அதாலதான் நெட்டுலேருந்தும் போயிருக்கும்."

"என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?"

"போறதுக்கு மொத வாரம் ரெண்டு நாளு கண்டக்டருங்ககிட்ட கேட்டுது, விருத்தாசலத்து அக்கா ஏதாச்சும் குடுத்தாங்களான்னு. வேற என்ன சொல்லும்."

அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு மாடிக்குப் போனேன். செடிகளை அக்கம்பக்கம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சிமென்ட் தரையில் ஜாடிகள் இருந்த இடமெல்லாம் வட்ட வட்டமாகக் கறை. படத்தில் பார்த்த தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, எதிரே பள்ளிவாசல் மினார். எல்லாம் எனக்குத் தெரிந்தவை. கைப்பிடிச் சுவர் மட்டும் நான் நினைத்ததைவிடக் குட்டையாக இருந்தது. அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். வெயில் ஏறியதும் இறங்கி வந்தேன்.

கடைக்காரப் பெண்மணி டீ வாங்கிக் கொடுத்தார். என் நம்பரையும், சின்னத் தளத்தில் என் பக்கத்தின் முகவரியையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதில் சேராமலேயே யார் வேண்டுமானாலும் படத்தைப் பார்க்கலாம் என்று விளக்கினேன். அவர் தாளை மடித்து வளையல் பெட்டி ஒன்றில் வைத்தார். "போன் வந்தா சொல்றேங்க. வராம இருக்காது," என்றார்.

பெரிய தளத்துக்கு நான் திரும்பவில்லை. அங்கே தேட இனி யாரும் இல்லை. புதிய இடத்தில் தினமும் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு படம் போடுகிறேன், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி. ஒருமுறை ஆசிரியர் கேட்டார்: "இங்க நிம்மதியா இருக்கீங்களாங்க?"

"நிம்மதியாத்தான் இருக்கேங்க," என்று எழுதினேன். "கொஞ்சம் முன்னாடியே அவங்களப் போயிப் பாத்திருக்கலாம்."

நேற்றும் படம் போட்டேன். கத்தரி இலையைத் திருப்பி, அடிப்பக்கம் தெரியும்படி எடுத்தது. யாரோ கேரளத்திலிருந்து, அது என்ன பூச்சி என்று கேட்டிருந்தார். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.