இரண்டு பேருக்குப் போட்ட வால்வு

ஷொக் அப்சோபர் எவ்வளவுக்கு இறுகுகிறதோ அவ்வளவுக்கு வண்டி குலுங்காது என்று நான் நம்பினேன். அப்போது எனக்கு நாற்பது வயது. கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். விற்பதற்குக் கடையில் ஒன்றும் இல்லாத காலம் என்பதால், இப்படியானவற்றை நம்ப எனக்கு நிறைய நேரம் இருந்தது.

கோப்பாயில் அண்ணையும் நானும்தான் ஒரே வீட்டில். இருவரும் கலியாணம் கட்டவில்லை. கூரையில் ஓடு மாற்ற ஏறிய அண்ணை விழுந்து, முள்ளந்தண்டு வெடித்து, ஆறு கிழமையாகப் படுக்கையில் கிடந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாதிருந்தவருக்கு, அந்தக் கிழமை இடது காலில் ஊசி குத்தினால் தெரிந்தது. வீட்டுக்கு வந்து பார்த்த டொக்டர், "நல்ல குறி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாங்கோ, படம் எடுத்துப் பாப்பம். ஆனால் குலுக்கக்கூடாது. குலுங்கினால் வந்ததும் போயிடும்" என்றார்.

பட்டணத்துக்குப் போகும் வீதியைக் கண்டவர்களுக்கு நான் மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை. ஷெல் விழுந்த கிடங்கு, மழை தோண்டிய கிடங்கு, இரண்டும் சேர்ந்து குடும்பமான கிடங்கு. நடுவில் அங்கங்கே வீதியும் இருந்தது.

என்னோடு படித்த மெக்கானிக் ஒருவனிடம் ஜீப் ஒன்று இருந்தது. கடல்நீரேரிச் சேற்றுக்குள்ளால் சனத்தை ஏற்றிப் போவதற்காக அதை உயர்த்தி, உழவு மெசின் டயர் போட்டு, ஆசனங்களைக் கழற்றி வைத்திருந்தான். அந்தப் பாதை மூடப்பட்டபின் அது வேப்பமரத்தின் கீழ் நின்றது. மண்ணெண்ணெயில் ஓடும். ஷொக் அப்சோபர்களை அவனே வெட்டி, திருகுமறை வைத்து, கழற்றிப் பூட்டக்கூடியதாகச் செய்திருந்தான். உள்ளே எண்ணெய். எண்ணெய்க்குள் ஏறி இறங்குகிற பிஸ்டன். பிஸ்டனின் ஓட்டைகளை மூடி மெல்லிய உருக்குத் தட்டுகள். அதுதான் வால்வு. தட்டுகளைக் கூட்டினால் எண்ணெய் முக்கி முக்கிப் போகும், வண்டி இறுகும். குறைத்தால் இளகும்.

"கூட்டிப் போடு" என்றேன்.

"கூட்டினால் குத்தும், மச்சான்."

"நீ போடு."

போட்டான். அண்ணையைக் கிடத்துவதற்கென்று வைத்திருந்த பலகையில் நான் ஏறிப் படுத்தேன். முதல் கிடங்கிலேயே என் முள்ளந்தண்டில் எத்தனை எலும்பு என்று எண்ணக்கூடியதாக இருந்தது. மூன்றாவதில் நாக்கைக் கடித்தேன். இறங்கி, வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு கூட்டுவமோ?" என்று கேட்டேன்.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "உனக்கு அண்ணையிலை ஏதும் கோவமே?"

அடுத்த நாள் பயம் மறுபக்கம் பாய்ந்தது. ஒரு தட்டை மட்டும் விட்டு மீதியை எடுக்கச் சொன்னேன். ஒரு கிடங்கில் விழுந்த ஜீப் அடுத்த கிடங்கு வரும்வரை தலையாட்டிக்கொண்டே போனது. இருபாலைச் சந்தியில் சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்தேன்.

"உப்பிடி ஒவ்வொண்டாய்ப் பாக்க ஏலாது" என்றான் அவன். "எத்தினை பேர் போறியள்? பாரத்தைப் பாத்துத்தான் வால்வு. ரெண்டு பேருக்குப் போட்டது பத்துப் பேருக்குச் சரிவராது."

"அண்ணையும் நானும். ஓட நீ."

"வேறை ஒருதரும் இல்லையே?"

"ஆஸ்பத்திரிக்கு ஊரே வரப்போகுது?"

ஒன்பது நாள் கழற்றிப் பூட்டினோம். தையல் மெசின் எண்ணெயும் பழைய கியர் எண்ணெயும் கலந்து ஊற்றினோம். தினமும் பின்னேரம் நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். "எனக்கு ஒருக்கால்தான் முள்ளந்தண்டு முறிஞ்சது" என்றார் அண்ணை. "நீ நாளுக்கொருக்கால் முறிக்கிறாய்." பத்தாம் நாள், ஓடுகிற ஜீப்பில் படுத்தபடி கொட்டாவி விட்டேன். நாலு தட்டு. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போவதென்று முடிவாயிற்று.

திங்கட்கிழமைக்கு முதல், சண்டை கிட்ட வந்துவிட்டது, எல்லோரும் உடனே ஊரைவிட்டு வெளிக்கிட வேண்டும் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டு போனது. மழை பெய்துகொண்டிருந்தது. அண்ணையைப் பலகையில் ஏற்றி முடிக்குமுன் எங்கள் ஒழுங்கை வீடுகளின் சனம் ஜீப்பைச் சுற்றி வந்துவிட்டது. நான் இரண்டு கையையும் விரித்து, வருத்தக்காரன் போகிற வண்டி என்று மறித்தேன். சங்கக்கடையில் சீனி இல்லை என்று சொல்வதற்கும் அதே கைகள்தான். அங்கேயும் ஒருவரும் நம்பியதில்லை.

"உது ரெண்டு பேருக்குப் போட்ட வால்வு" என்றான் மெக்கானிக் என் காதுக்குள். "உவ்வளவு பேரும் ஏறினால் முதல் கிடங்கிலேயே அடி இடிக்கும்."

உள்ளேயிருந்து அண்ணை கூப்பிட்டார். "டேய், ஆரை மறிக்கிறாய்? அயலட்டையை விட்டிட்டு நான் மெத்தையிலை போறதே? ஏத்து."

பதினான்கு பேர், இரண்டு அரிசி மூட்டை, ஒரு ஆடு. ஸ்பிரிங் தட்டையாகி ஜீப் குந்திவிட்டது. கிடங்குகளைப் பார்த்துச் சொல்வதற்காக நான் முன்னால் தொங்கிக்கொண்டு போனேன்.

பட்டணத்துக்கு எதிர்ப்பக்கம், சனம் போகிற கைதடிக்கு நாலு மைல். வீதி முழுக்கச் சனம், சைக்கிள், மாட்டுவண்டில். ஒரு அடி போனால் அரை மணித்தியாலம் நின்றோம். கிடங்குகளுக்குள் ஜீப் விழவே இல்லை. வயதான ஆள் குளத்தில் இறங்குவதுபோல மெல்ல இறங்கி மெல்ல ஏறியது. நான் மட்டும், "பாத்து, பாத்து" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

"எதைப் பாக்க?" என்றான் மெக்கானிக். "நடந்து வாறவையின்ரை மாடு எங்களை முந்துது."

ஒரு இரவும் அடுத்த பகலின் பெரும்பகுதியும் போனது. ஒருமுறைகூட இடிக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம்கூட வந்தது. வீட்டிலென்றால், கிடந்த இடம் புண்ணாகாமல் இருக்க, அயல்வீட்டாரும் நானும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அண்ணையைப் புரட்டிப் படுக்க வைப்போம். இங்கே அவர் பக்கத்தில் கை வைக்கவும் இடமில்லை. இறக்கிப் புரட்டுவமோ என்று மூன்று தரம் கேட்டேன். "சனத்தை எங்கை இறக்கிறது? நோகேல்லை, விடு" என்றார். அவருக்கு அந்த இடத்தில் நோவு தெரியாது என்பது எனக்குத் தெரியும். விட்டுவிட்டு, அடுத்த கிடங்கைப் பார்க்கப் போனேன்.

கைதடியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இறக்கிப் புரட்டியபோது, உடுத்திருந்த ஈரச் சாரத்தோடு முதுகின் அடித்தோலும் சேர்ந்து வந்தது. மருந்து கட்டத் துணியில்லை. புண் எலும்புவரை போய், காய்ச்சல் பிடித்து, மூன்றாவது கிழமையில் அண்ணை செத்துப்போனார்.