ஒரே டேக்கில் ஓகே

தொடர் தொடங்குமுன் டிவியில் ஒரு வரி ஓடியது: ‘படப்பிடிப்பில் குழந்தைகள் யாரும் துன்புறுத்தப்படவில்லை.’ நன்றாகத்தான் எழுதுகிறார்கள்.

சங்ககிரியில் எடுத்த ஒரு தொடரில் நான் நடித்தபோது எனக்கு ஏழு வயது. செத்த அப்பாவுக்காக அழும் காட்சி, அழுகை வரவில்லை. என் நிஜ அப்பா லாரியில் வடக்கே லோடு போயிருந்தார். டைரக்டர் என்கிற அந்தப் பெரிய மனுஷன் பாக்கு நாறும் வாயை என் காதருகே கொண்டுவந்தான்.

“உங்கப்பா லாரி கவுந்துருச்சாம் பாப்பா. ஆள் போயிட்டாராம்.”

அலறினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

“பொய்தான் சாமி, அழுவாத” என்று கண்ணைத் துடைத்துவிட்ட அம்மா, அவனிடம் திரும்பி, “நாளைக்கும் கூட்டியாரட்டுங்களா?” என்றாள்.

அது ஒளிபரப்பான அன்று அப்பா லாரி ஷெட்டு ஆட்களையெல்லாம் வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

“என்ற புள்ள எப்புடி நடிக்குது பாருங்க!”

உண்மைதான். என்மேல் ஒருவர் விரல்கூடப் படவில்லை.