எங்கே போறீங்க?

முதலில் என் புத்திக்கூர்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஜெர்மனியில் ஒருநாள், வராத பஸ்ஸுக்காக வெகுநேரம் காத்திருந்தவன் நான். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. தோட்டத்தில் ‘ஹால்ட்டெஸ்டெல்லே’ என்று ஒரு பஸ் நிறுத்தப் பலகை, பெஞ்சு, கைப்பையோடு ஒரு வயதான அம்மா. பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ் தாமதம், உள்ளே வந்து காபி குடிக்கலாமே என்று நர்ஸ் வந்து அந்த அம்மாவின் கையைப் பிடித்தாள். என் கையையும் பிடித்தாள். எவ்வளவு நல்ல தேசம் என்று நினைத்துக்கொண்டு நானும் போனேன். பிறகுதான் சமையல்காரர் விளக்கினார். மறதி நோய் வந்தவர்கள் வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பினால் வந்து உட்காரும் பொய் நிறுத்தமாம் அது. உட்கார்ந்தால் கிளம்பியது மறந்துவிடுமாம்.

சிரித்து முடித்ததும் ஊர் நினைவு வந்தது. ஆரணியில் என் அப்பாவும் அப்படித்தான் கிளம்பிக்கொண்டிருந்தார். களம்பூர் ரைஸ் மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். வேலையை விட்டுப் பல வருடமாகியும் காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் புறப்படுவார். உள்ளே அண்ணனின் தறிச் சத்தத்தில் கதவு திறப்பது யாருக்கும் கேட்காது. ஒருமுறை நடந்தே போய்விட்டார். நெல் லாரிக்காரர் ஒருவர் பிரேக்கை மிதித்து, ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார். அந்த பிரேக் சத்தத்தை நான் கேட்கவில்லை. ஆனால் இன்றும் கேட்கிறது.

அண்ணிக்கு போன் போட்டு, வாசலில் ஒரு பஸ் போர்டு வைக்கச் சொன்னேன்.

“இந்த ஊர்ல போர்டு இல்லாத எடத்துலயே பஸ்ஸு நிக்குது தம்பி. போர்டு வெச்சா நெஜமாவே வந்து ஏத்திகினு பூடுவான்.”

கதவுக்கு நம்பர் பூட்டு போடலாமே என்றேன். மாமனாரைப் பூட்டி வைத்தாள் என்று தெருவே பேசும் என்றார். லாரிக்காரர் கொண்டுவந்து விட்ட அன்று அப்பா வெளியே போனதை அண்ணி பார்த்துக்கொண்டுதான் இருந்தாராம். ஆனால் வெளியே கிளம்புகிறவரை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் உருப்படாதே. அதனால் வாயை மூடிக்கொண்டாராம்.

லாரிக்குப் பிறகு, அடுத்தமுறை அப்பா கிளம்பியபோது, சகுனமாவது ஒன்றாவது என்று கேட்டுவிட்டார்: “எங்க போறீங்க மாமா?” அப்பா திட்டிக்கொண்டே திரும்பி வந்து, சகுனம் கழிய உட்கார்ந்து, தண்ணீர் குடித்தார். குடித்ததும் கிளம்பியது மறந்துபோனது. அதிலிருந்து அதுதான் எங்கள் வீட்டுப் பூட்டு. ஆனால் அதைப் பூட்ட வாசலில் எப்போதும் ஒரு ஆள் வேண்டும். நான் போன் செய்து, அண்ணி எடுக்கத் தாமதமானால், அந்த மணி அடிக்க அடிக்க அப்பா எத்தனையாவது லாரியைத் தாண்டுகிறாரோ என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.

லீவில் போன ஒரு மாதமும் அந்த உத்தியோகம் எனக்கு. கிளம்பும் நாள் காலையிலும் பெட்டியோடு வாசலில் நின்றபோது அப்பா சட்டை போட்டுக்கொண்டு வந்தார். எங்கே போறீங்கப்பா என்று கேட்டேன். அவர் என் பெட்டியைப் பார்த்து, நீ எங்கே போறே என்று திருப்பிக் கேட்டார். இருவர் சகுனமும் கெட்டது. இரண்டு பேரும் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். அவர் மறந்துவிட்டு அப்படியே இருந்தார். எனக்கு மறக்கவில்லை, வெளியே டாக்ஸி ஹாரன் அடித்தது. நாளையிலிருந்து இந்த வாசலில் யார் நிற்பார் என்று நினைத்துக்கொண்டே எழுந்து, “ஊருக்குப் போறேம்பா” என்றேன்.

“அப்ப இது இன்னா?” என்றார்.