ஐந்தாம் நாள் இறங்கிய சைக்கிள் வீரர்

பட்டதாரி என்ற ஒரே தகுதியால் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. அறுபதுகளின் இறுதியில், காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் சங்கம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்திருந்தேன். அவ்வாண்டுச் சங்க விழாவுக்கு ஏழு நாள் இடைவிடாத சைக்கிள் ஓட்டம் ஏற்பாடாகியிருந்தது. ஓட்டுபவர் வாலாஜாபாத் மணவாளன். அதுவே அவர் தொழில். சாப்பாடு, குளியல், சவரம் எல்லாம் சைக்கிள் மேலேயே நடக்கும். கால் தரையில் பட்டால் ஓட்டம் முடிந்தது. அதைக் கண்காணித்து ரிஜிஸ்டரில் குறிப்பது என் வேலை.

ஹேண்டில்பாரில் ஆங்கிலப் பத்திரிகைப் படம் ஒன்றைக் கட்டியிருந்தார்: மலைச்சாலை, பெருங்கூட்டம், நடுவே சைக்கிளுடன் ஒருவர்.

"ஸ்பெயின்காரரு சார். எங்க போனாலும் ஜனம் மொய்க்குதாம். கீழ இன்னா போட்டுக்கிது?" என்று முதல் நாளே கேட்டார்.

காய்ச்சலால் பந்தயத்திலிருந்து விலகிய வீரரை ரசிகர்கள் சூழ்ந்துகொண்டார்கள் என்று இருந்தது. மணவாளனின் ஊக்கம் குறையக் கூடாதென்று எண்ணி, "பெரிய வீரர்னு போட்டிருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

மைதானத்தில் கூட்டம் நாளுக்கு நாள் பெருகியது. "நாங்களும்தான் தறிக்குழியில நாள் பூரா மிதிச்சிக்கினு கீறோம். எங்களுக்கு எவன்பா மாலை போட்றான்?" என்றார் ஒரு நெசவாளர்.

"உன் தறிய இங்க ஓட்டிக்கினு வா, நானே போட்றேன்" என்றார் மணவாளன்.

ஐந்தாம் நாள் முற்பகலில் அவர் கண்கள் சிவந்திருந்தன. கையைத் தொட்டேன், கொதித்தது. கணுக்கால்கள் வீங்கியிருந்தன. சங்கச் செயலாளரிடம் ஓடினேன்.

"ஏழு நாள்னு நோட்டீஸ் அடிச்சாச்சுபா. இன்னும் ரெண்டு நாள்தானே, தாங்குவான்" என்றார் அவர்.

திரும்பி வந்து, சைக்கிளின் பக்கத்திலேயே நடந்தபடி அவரை இறங்கச் சொன்னேன்.

"எறங்கினா அடுத்த ஊர்ல எவன் சார் கூப்புடுவான்? இவரு எறங்குனாரா?" என்று படத்தைக் காட்டினார்.

"இறங்கினார். காய்ச்சல். இறங்கின பிறகு எடுத்த படம்தான் இது. அன்னைக்கு நான் பாதிதான் படிச்சேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேலும் இரண்டு சுற்று ஓட்டினார். பிறகு அந்த நெசவாளர் நின்ற இடத்தில் பிரேக் பிடித்து, அவர் தோளைப் பற்றிக் காலை ஊன்றினார். கூட்டத்தில் பாதி முணுமுணுத்துக்கொண்டு கலைந்தது. மீதிப் பாதி மணவாளனை மாட்டுவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.

"செயின் அறுந்துபோச்சுன்னு எழுதிடு" என்றார் செயலாளர். 'காய்ச்சல், இறங்கினார்' என்று எழுதினேன். சில மாதங்கள் செயலாளர் என்னோடு பேசவில்லை.

மறுவருடம் தென்னேரியில் மணவாளன் ஓட்டுவதைப் பார்த்தேன். நோட்டீஸில் மூன்று நாள் என்றே இருந்தது. கூட்டத்துக்குக் குறைவில்லை. என்னைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, ஹேண்டில்பாரில் இருந்த அதே படத்தைக் காட்டி, "இப்பவாச்சும் முழுசா தமிழ்ல எழுதிக் குடு சார்" என்றார். எழுதிக் கொடுத்தேன். ஓட்டிக்கொண்டே அதைப் படத்தின் கீழே செருகிக்கொண்டார்.

இளம் பணியாளர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பிறருக்காகப் படிக்கும்போது இரக்கப்பட்டுப் பாதியை மறைக்காதீர்கள். அந்தப் பாதியின் சுமையை அவர்கள்தான் மிதிக்க வேண்டியிருக்கும்.