எதுவும் போடாமல் ஓடுகிற படம்

கல்யாணமோ கோயில் கொடை விழாவோ, கேமரா வைத்து இணையத்தில் நேரலையாகக் காட்டுவது தென்காசியில் என் பிழைப்பு. இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், படம் ஒழுங்காக ஓடினால் நம்மை யாருக்கும் ஞாபகம் இருக்காது.

சந்தேகம்

முன்பெல்லாம் பிரவுசரில் வீடியோ ஓட, பிளகின் என்று தனியாக ஒன்றை இறக்கிப் போட வேண்டும். இப்போது லிங்க்கைத் தொட்டால் பிரவுசரே ஓட்டிவிடும். பாவூர்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரின் கம்ப்யூட்டரில் அப்படித்தான் ஓட்டிக் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்.

"ஒண்ணும் போடாம ஓடுதுன்னா, எனக்குத் தெரியாம நீரு என்னமோ போட்டிருக்கீரு."

அருவி

குற்றாலத்தில் ஒரு லாட்ஜ்காரர், மொட்டை மாடியிலிருந்து அருவியைத் தன் இணையதளத்தில் காட்டிவந்தார். பிளகின் காலாவதியான பிறகு அங்கே ஒரு சாம்பல் கட்டம் மட்டுமே தெரிந்தது. அதை எடுத்துவிட்டு, எந்த போனிலும் படம் தெரிகிற மாதிரி மாற்றிக் கொடுத்தேன். பாராட்டினார்.

அந்த வருஷம் சாரல் மழை ஏமாற்றியது, அருவியில் தண்ணீர் விழவில்லை. வெறும் பாறை பளிச்சென்று தெரிந்தது. அறை கேட்டு வந்த போன்கள் நின்றன. எனக்கு மட்டும் ஒன்று வந்தது.

"பாறையக் காட்டுததுக்கு அந்தச் சாம்பல் கட்டமே தேவல. அதையே திருப்பிப் போடும்."

தாலி

அச்சன்புதூரில் ஒரு கல்யாணம். பெண்ணின் அண்ணன் ராணுவத்தில் இருக்கிறான், லீவு கிடைக்கவில்லை. முகாமில் இருப்பது பொதுக் கம்ப்யூட்டர், அதில் எதையும் புதிதாகப் போட அனுமதி இல்லை. பிரவுசரில் லிங்க்கைத் திறந்தால் போதும் என்றேன். ஆனால் படம் துண்டு துண்டாகப் போய்ச் சேர்வதால் அரை நிமிஷம் பிந்தும் என்பதையும் பெண்ணின் அப்பாவிடம் சொல்லிவைத்தேன். அவர் விவசாயி. சரி என்று தலையாட்டினார்.

முகூர்த்த நேரத்தில் மகனுக்குப் போன் போட்டு, காதில் வைத்துக்கொண்டே மேடையோரம் நின்றார். கெட்டிமேளம் முழங்கியது, தாலி ஏறியது. போன் வழியாக மேளம் கேட்டதுமே அங்கே அவன் உடைந்துவிட்டான். அவன் முன்னால் இருந்த திரையில் ஐயர் அப்போதுதான் தாலித் தட்டைச் சபையில் காட்டி ஆசி வாங்கிக்கொண்டிருந்தார். அப்பா தோள்துண்டால் தன் கண்ணைத் துடைத்தபடி சொன்னார்:

"இப்பவே அழாதலே, ஒனக்கு இன்னும் தாலி கட்டல. கண்ணத் தொடச்சுட்டு நல்லாப் பாரு."

படம் ஓட இப்போது பிரவுசர் ஒன்றே போதும், ஓடிய பிறகு வருகிற போன்களை எடுக்கத்தான் ஆள் வேண்டியிருக்கிறது.