மாமா அடித்த பச்சைப் பெயின்ட்

எங்கள் கட்டிடத்தைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்த அன்றே மாமா போய்ப் பெயின்ட் வாங்கி வந்தார். இலைப் பச்சை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவர் படியேறி வந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. முகத்தில் அப்படியொரு கல்யாணக் களை.

யாங்கோனின் பபேடான் பகுதியில், வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய மூன்று மாடிக் கட்டிடம் அது. தேக்குப் படிக்கட்டு, பூப்போட்ட தரை ஓடு, ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடி, வாசல் வளைவின் மேல் சுதையில் ஒரு மயில். இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்ப ஒரு கான்ட்ராக்டர் ஒற்றைக் காலில் நின்றார். மற்ற வீட்டுக்காரர்கள் தலையாட்டிவிட்டார்கள். மாமாவுக்கு மட்டும் மனம் வரவில்லை. அவர் பிறந்த வீடு. அத்தையைக் கைப்பிடித்து அழைத்து வந்ததும் அந்தப் படியேறித்தான். பழைய கட்டிடங்களைக் காப்பாற்றும் குழு ஒன்றைத் தேடிப் பிடித்து, அவர்களிடம் நடையாய் நடந்தார். பழமை மாறாத கட்டிடம் என்று அவர்கள் சொல்லிவிட்டால் யாரும் அதன்மேல் கை வைக்க முடியாது.

வந்து பார்க்கிறோம் என்றார்கள். நம்மவர்கள் சங்கதிதான் தெரியுமே, பொங்கல் வந்தாலும் விருந்தாளி வந்தாலும் வெள்ளையடிக்காமல் கை சும்மா இராது.

“பெரிய மனுஷங்க வர்ற நேரத்துல வீடு அழுக்கா கெடந்தா நம்மள என்னன்னு நெனப்பாங்க?” என்றார் மாமா. எங்களில் ஒருவருக்கும் வேறு மாதிரித் தோன்றவில்லை. தேக்குப் படிகளுக்குப் பச்சை அடித்தார். பூ ஓடுகளைப் பெயர்த்துப் பளபளக்கும் டைல்ஸ் பதித்தார். வண்ணக் கண்ணாடி போய் அலுமினிய ஜன்னல் வந்தது. மயிலுக்கு அடித்த வெள்ளையில் அதன் தோகையே அடைபட்டுப்போயிற்று.

குழுவிலிருந்து ஒரு பர்மியப் பெண்ணும் இரண்டு இளைஞர்களும் வந்தார்கள். அவள் குனிந்து படியைத் தொட்டுப் பார்த்தாள்.

“காஞ்சிடுச்சும்மா, கையில ஒட்டாது” என்று பர்மியத்தில் பெருமையாகச் சொன்னார் மாமா.

அவள் ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டு வந்து, “பழசு எதுவுமே மிச்சமில்லையே, ஐயா” என்றாள். அத்தை வைத்திருந்த மொய்ங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸை மரியாதைக்குச் சாப்பிட்டார்கள். கிளம்பும்போது மாமா வாசலில் அவளை மறித்து, “எல்லாத்தையும் சுரண்டி எடுத்துட்டா மறுபடி வருவீங்களாம்மா?” என்று கேட்டார். பார்க்கிறேன் என்றாள். அப்புறம் யாரும் வரவில்லை.

இன்று அந்த இடத்தில் கண்ணாடி பதித்த அடுக்குமாடி நிற்கிறது. எட்டாவது மாடியில் மாமாவுக்கும் ஒரு வீடு உண்டு. போனால் உபசாரத்துக்குக் குறைவில்லை. பழைய வீட்டைப் பற்றி மட்டும் அவர் வாய் திறப்பதில்லை. பாழாய்ப்போன அந்தச் சுத்தத்தை யாரிடம் போய் நொந்துகொள்வது? பார்க்க வருபவர்களை மதித்துச் செய்த காரியமல்லவா அது.

இடிப்பதற்குச் சம்மதித்து மாமா கையெழுத்துப் போட்ட மறுநாள் காலை அவரைத் தேடிப் போனேன். படியில் உட்கார்ந்து பிளேடால் பச்சையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். உள்ளே தேக்கின் ரேகை கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது.

“கையெழுத்துத்தான் போட்டாச்சே மாமா, இன்னும் எதுக்கு இந்தப் பாடு?” என்றேன்.

அவர் நிமிரவில்லை. “இடிக்கிறவன் இடிக்கட்டும்மா. சாகும்போதாவது அது அதோட மொகத்தோட சாகட்டும்.”

உள்ளே போய் இன்னொரு பிளேடை எடுத்து வந்து, அவருக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன்.